அரை அங்குலத் திருகாணி

1. அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஆற்றங்கரை நகரம் ஒன்றில், இரண்டு சகோதரர்கள் குதிரை வண்டிகளுக்குச் சக்கரம் செய்துகொண்டிருந்தார்கள்.

2. இளையவர் ஒற்றைச் சிலிண்டர் பெற்றோல் இயந்திரம் ஒன்றைச் செய்து, வண்டி இருக்கையின் கீழே பொருத்தினார். அந்த வண்டி நகரைச் சுற்றி வந்தது. கடைசி அரை மைல் குதிரை இழுத்தது.

3. செங்கல் கட்டடம் ஒன்றில் கம்பனி தொடங்கினார்கள். விளம்பரப் புத்தகத்தின் ஓவியத்தில் கட்டடத்துக்கு மூன்று புகைபோக்கிகள். பின்னர் அனுப்பிய புகைப்படத்தில் ஒன்று.

4. பாரிசில், லா சப்பலில், சைக்கிள் விற்றுக்கொண்டிருந்த ஒருவரைத் தங்கள் பிரதிநிதியாக நியமித்தார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

5. ஒரு காரைக் கழற்றி, மரப்பெட்டிகளில் அடைத்து, கப்பலில் அனுப்பினார்கள்.

6. அந்தக் காரைப் பாரிசில் ஒருவரும் வாங்கவில்லை.

7. மூத்தவர் கம்பனியிலிருந்து விலகினார். காரணம் எழுதப்படவில்லை.

8. இரட்டைச் சிலிண்டர் கொண்ட பெரிய கார் ஒன்றை அறிவித்தார்கள். அதன் படம் வந்தது. கார் வரவில்லை.

9. கதவுப் பிணைச்சல் செய்யும் வேறொரு கம்பனி அந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. அதை எழுதி அறிவித்தவர் ஒரு வழக்கறிஞர்.

கம்பனி பாரிசுக்கு எழுதிய முதல் கடிதத்துக்கும் கடைசிக் கடிதத்துக்கும் இடையில் ஐந்து குளிர்காலங்கள். கம்பனியின் ஆயுள் அவ்வளவுதான், அல்லது பாரிசுக்குத் தெரிந்த ஆயுள் அவ்வளவுதான். இந்தப் பட்டியலை நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுவில் பிரெஞ்சில் எழுதினேன். எழுதித் தரச் சொன்னவர் அந்தச் சைக்கிள் வியாபாரியின் மகன். அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. வடக்கு ரயில் பாதைகளுக்குப் பின்னால் ஒரு கராஜ் வைத்திருந்தார். சாமான் ஏற்றும் வான்களைத் திருத்துவது தொழில். கராஜின் பின்பக்கத்தில், தார்ப்பாயின் கீழே, தகப்பன் விற்காத கார் நின்றது. வான் திருத்த வருகிறவர்கள் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போடுவார்கள்.

கராஜில் எல்லோரும் அவரைப் பத்ரோன் என்றார்கள். முதலாளி என்பதற்கான பிரெஞ்சுச் சொல். நானும் அப்படியே அழைத்தேன். அந்தக் கார் ஓடிப் பத்ரோன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே இயந்திரம் இறுகிவிட்டது. தகப்பனுக்கு விற்கத் தெரியவில்லையா, அது விற்கத் தகுந்த காரே இல்லையா என்பது அந்த வீட்டில் தீராத வழக்காக இருந்திருக்க வேண்டும். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு தடவை ஓடட்டும். பிறகு தெரிந்துவிடும்."

அந்தக் கராஜில் எனக்கு வேலை கிடைத்தது லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடை வாசலில். என் பையிலிருந்து டி-ஸ்குவயர் நீட்டிக்கொண்டிருந்தது. வரைபலகையில் வைத்து நேர்கோடு இழுக்கும் நீளமான மரச்சட்டம். தலையில் ஒரு குறுக்குக்கட்டை. வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும், நகத்திலெல்லாம் கிரீஸ்.

"தங்கச்சி, கோயிலுக்குச் சிலுவை கொண்டு போறீரோ?"

"இது டி-ஸ்குவயர் அண்ணை. படம் கீற."

"என்ன படம்? சாமிப் படமோ?"

"மெசின் படம்."

வாழைக்காயைக் கீழே வைத்தார். "மெய்யாவோ? எங்கை படிச்சனீர்?"

யாழ்ப்பாணத்தில், தொழில்நுட்பக் கல்லூரியில், படவரைஞர் பயிற்சி என்றேன். வகுப்பில் இரண்டு பெண்கள் என்பதையும் சொன்னேன். யாரும் அடுத்ததாக அதைத்தான் கேட்பார்கள்.

"இங்கிலீசும் வாசிப்பீரோ?"

"ஓம்."

"அப்ப திங்கக்கிழமை வாரும். எங்கடை கிழவனுக்குப் பைத்தியம். ஆனா ஒருத்தரையும் கடிக்காது."

அண்ணை ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் லேத் மெசினில் நின்றவர். இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்தெடுக்கும் வேலை. பத்ரோனின் கராஜிலும் அவர்தான் லேத்.

நான் அந்த வேலைக்குப் போனதற்கு ஒரே காரணம் ஒரு கடதாசி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் யாழ்ப்பாண டிப்ளோமாவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இங்கே இதற்குச் சமமானது எதுவும் இல்லை என்றார். ஆனால் பிரான்சில் ஒரு வருடம் வரைபட வேலை செய்ததாக ஒரு முதலாளி எழுதித் தந்தால், படவரைஞர் பயிற்சி நிலையத்தின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கடதாசியில் "தெசினாத்ரிஸ்", படம் வரைபவள், என்ற சொல் இருக்க வேண்டும். அதுவரை என்னிடம் இருந்த கடதாசிகள் எல்லாவற்றிலும் துப்புரவுப் பணியாளர் என்றுதான் இருந்தது. முதல் நாளே பத்ரோனிடம் கேட்டேன். ஒரு வருடம் முடிய எழுதித் தருவதாகச் சொன்னார். "செய்ததை எழுதுவேன்" என்றார். அது போதுமென்று நினைத்தேன்.

கம்பனியின் வரைபடங்கள் எதுவும் உலகில் எங்கும் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆகவே காரைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, அளந்து, நான் வரைய வேண்டும். கெட்டுப்போன பாகங்களை என் படத்தைப் பார்த்து அண்ணை புதிதாகக் கடைய வேண்டும். அலுவலகமாக எனக்குக் கொடுத்தது கராஜின் மூலையில் இருந்த கண்ணாடிக் கூண்டு. ஒரு மேசை, ஒரு மின்சார அடுப்பு, முந்திய வருடத்து நாட்காட்டி. கண்ணாடிக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் வாயசைப்பது தெரியும், பேச்சுக் கேட்காது.

கார் முழுவதும் அங்குலத்தில் செய்யப்பட்டிருந்தது. கராஜில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஒரு சிரிப்பு. மில்லிமீற்றர் அளவுகோலை வைத்துப் பார்த்து, பன்னிரண்டு தசம் ஏழு என்று வரும்போது உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது அரை அங்குலம். நாங்கள் தொழில் படித்த பட்டறைகளில் இருந்தவை எல்லாம் பிரித்தானியர் விட்டுப்போன மெசின்கள். அங்குலத்தில்தான் படித்தோம், அங்குலத்தில்தான் வெட்டினோம். பிரான்சுக்கு வந்து, பேச்சையும் சாப்பாட்டையும் விட்டதோடு அங்குலத்தையும் விட்டிருந்தோம்.

"எட்டிலை மூண்டு, பதினாறிலை அஞ்சு எண்டு சொல்லிப் பாரும்" என்பார் அண்ணை. "காதுக்கு எவ்வளவு சுகமாக் கிடக்கு. இவங்களுக்கு இது தலைசுத்து. எங்களுக்கு அ, ஆ."

திருகாணிகளின் மரைக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை, அதாவது சுற்றி வெட்டிய வரி, என்பதுதான் கணக்கு. கால் அங்குலத் தடிப்புக்கு இருபது. பதினாறில் ஐந்துக்குப் பதினெட்டு. எட்டில் மூன்றுக்குப் பதினாறு. அரைக்குப் பன்னிரண்டு. நான் கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்து தடிப்பைச் சொல்ல, அண்ணை லேத்திலிருந்து மரையைச் சொல்வார். சில நாட்களில் நான் முழுநாளும் தமிழில் பேசியது இவ்வளவுதான். ஆனாலும் அந்த நாட்களில் தனிமை குறைவாக இருந்தது.

முதல் மூன்று அளவுகளையும் பழைய துளைகளில் போட்டுப் பார்த்தோம். விரலாலேயே சுற்றிக்கொண்டு போயின.

கடிதங்களைப் பிற்பகலில் மொழிபெயர்ப்பேன். முப்பதுக்கு மேல் இருந்தன. கையெழுத்திட்டவர் எப்போதும் இளைய சகோதரர். ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இடப்பக்க மூலையில், இரண்டு சிறிய எழுத்துக்கள் இருந்தன. தட்டச்சு செய்தவரின் பெயர் முதலெழுத்துக்கள். அவர் சுத்தமாக அடிப்பவர். ஓரங்கள் எல்லாக் கடிதத்திலும் ஒரே அளவு, அளந்து பார்த்தேன். "உங்களிடமிருந்து செய்தி கிடைக்குமென்று நம்புகிறோம்" என்ற வரி முதலில் கடிதத்தின் முடிவில் வந்தது. மூன்றாம் குளிர்காலத்தில் அது நடுவுக்கு வந்தது. பிறகு அதுவே முதல் வரியாயிற்று. பாரிசிலிருந்து பதில் போகவில்லை என்று தெரிந்தது. நான்காம் குளிர்காலத்தில் அந்த இரண்டு எழுத்துக்களும் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு இளைய சகோதரரே அடித்திருக்கிறார். எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அந்தத் தட்டச்சாளர் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போன இடத்துக்கு என் மொழிபெயர்ப்பு வந்த வாரத்தில் நான் உண்மையாகவே மனம் சோர்ந்திருந்தேன்.

நான் ஒரு பாண்டிச்சேரி அம்மாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். அவர் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர், கத்தோலிக்கர். காலையில் கதவைத் தட்டி, பிரெஞ்சு வணக்கத்தைத் தமிழோடு கலந்து, "பொன்ழூர்மா, உங்களுக்குக் கூரியே ஒண்ணும் வரல" என்பார். தபால் இல்லாததையும் தவறாமல் அறிவிக்கும் ஒழுங்கு அவரிடம் இருந்தது. சனி ஞாயிறுகளில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

சிலிண்டரின் மூடியைப் பிடித்திருக்கும் திருகாணிகள் எட்டு. எல்லாம் அரை அங்குலம். அவற்றில் மூன்றை மாற்ற வேண்டியிருந்தது. பழையவற்றைத் துரு தின்று மரை மழுங்கிப் போயிருந்தது, எண்ண முடியவில்லை. கராஜில் இருந்த மரை அளவி மில்லிமீற்றருக்கானது. எண்ணத் தேவையென்றும் எனக்குத் தோன்றவில்லை. படத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். அண்ணையிடம் கொடுத்தேன்.

"அரைக்குப் பன்னெண்டு" என்றார் அவர், படத்தைப் பாராமலே.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் முதலாவது திருகாணியைப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு சுற்றுப் போனது. மூன்றாவதில் நின்றது.

"இறுக்கமாக் கிடக்கு" என்றார். "துருவாக்கும்."

எண்ணெய் விட்டார். கொஞ்சம் போயிற்று. ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீட்டினார். "இப்ப போகும் பாரும்" என்றார். ஒரு சத்தம் கேட்டது, பெரிதாக இல்லை, கிண்ணம் ஒன்று மேசையில் தட்டுப்பட்டதுபோல. துளையைச் சுற்றியிருந்த வார்ப்பிரும்பு ஒரு துண்டு உடைந்து அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

பத்ரோன் வந்தார். உடைந்த இடத்தைப் பார்த்தார். குழாய் செருகிய ஸ்பானரைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்து, "பலத்தால் செய்யும் வேலையா இது?" என்றார். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. பத்ரோன் திரும்பிப் போய்விட்டார். வேறு சிலிண்டர் வாங்க முடியாது. அதைச் செய்த கட்டடத்தில் பிறகு கதவுப் பிணைச்சல் செய்தார்கள்.

துண்டை நான் கைக்குட்டையில் சுற்றி அறைக்குக் கொண்டுபோனேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், வரைவதற்கு என்று சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை அதை மண்ணெண்ணெயில் கழுவினேன். உடைந்த துண்டின் உட்பக்கத்தில், துரு எட்டாத ஆழத்தில், பழைய மரை சுத்தமாக இருந்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி, கோடுகளை எடுத்தேன். அரை அங்குலத்தில் ஆறு கோடு வர வேண்டும். ஆறரை வந்தது. தாளை மாற்றி மறுபடியும் உரசினேன். ஆறரை. அங்குலத்துக்குப் பதின்மூன்று.

அப்போதுதான் விளம்பரப் புத்தகத்தின் ஒரு வரி ஞாபகம் வந்தது. எங்கள் வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் அமெரிக்க நியம அளவில் வெட்டப்பட்டது. எந்த ஊர்க் கொல்லரும் மாற்றிப் போடலாம். அதை நானே மொழிபெயர்த்திருந்தேன். எட்டாம் பக்கம். வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போயிருந்தேன். அங்குலம் என்றால் பிரித்தானிய அங்குலம்தான் என்று எனக்குள் இருந்தது. அதன் மரையையும் யோசிக்காமல் சேர்த்துக்கொண்டேன். சிறிய அளவுகளில் இரு நாட்டுக் கணக்கும் ஒன்று. அரை அங்குலத்தில் பிரிகிறது. ஒரே ஒரு மரை வித்தியாசம்.

அந்த இரண்டு நாளும் நான் ஒருவருடனும் பேசவில்லை. ஞாயிறு பிற்பகல் லா சப்பல் மேம்பாலத்தின் கீழே நடந்தேன். மேலே இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் போகும்போது பாலம் அதிர்ந்தது. பலசரக்குக் கடை பூட்டியிருந்தது. நிலைமையைப் பட்டியலாகப் போட்டுப் பார்த்தேன். பிழை என்னுடையது. பழி அண்ணையில். பேசாமல் இருந்தால் நாலு மாதத்தில் கடதாசி கிடைக்கும். பேசினால், தெசினாத்ரிஸ் என்று எழுதப் பத்ரோனுக்கு என்ன காரணம் இருக்கும்? ஒரு குறுக்கு வழியும் யோசித்தேன்: படத்தை மட்டும் இரகசியமாகத் திருத்தி வைப்பது. அதற்கு ரப்பர் போதும். அதையும் பட்டியலில் எழுதினேன், பிறகு வெட்டினேன்.

திங்கட்கிழமை காலை, மழைக்கோட்டைக் கழற்ற முன்பே பத்ரோனிடம் போனேன். படம், துண்டு, உரசிய தாள், விளம்பரப் புத்தகம் நான்கையும் மேசையில் வைத்தேன். அண்ணை லேத்தடியில் நின்றார். என்னுடைய பிரெஞ்சு போதாத இடங்களில் விரலால் காட்டினேன்.

பத்ரோன் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தாளில் இருந்த கோடுகளைத் தானே எண்ணினார்.

"இந்த வரி உங்கள் மொழிபெயர்ப்பில் இருக்கிறதா?"

"இருக்கிறது. எட்டாம் பக்கம்."

"அப்படியானால் நீங்கள் வாசித்தீர்கள்."

"வாசித்தேன்."

"வேறு எத்தனை படங்களில் அரை அங்குலம் வருகிறது?"

"வேறு ஒன்றிலும் இல்லை. இது ஒன்றுதான்."

"பியென்" என்றார். நல்லது என்று பொருள். நல்லதற்கும் கெட்டதற்கும் அவர் அதையே சொல்வார். "திருத்துங்கள்."

பத்து மணிக்குக் கோப்பி குடிக்கும் நேரத்தில் அண்ணை தண்ணீர்க் குழாயடிக்கு வந்தார். சிரிப்பில்லை.

"ஏன் சொன்னனீர்?"

"பிழை என்ரைதானே அண்ணை."

"அது எனக்குத் தெரியாதோ? உடைஞ்ச இடத்தைப் பாத்தவுடனை விளங்கிட்டுது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டது ஏனெண்டு நினைக்கிறீர்?"

நான் கோப்பையைக் குழாயின் கீழே பிடித்தேன்.

"கிழவன் ரெண்டு கிழமை என்னோடை முகத்தை நீட்டிக்கொண்டு திரிவான். பிறகு ஒரு வான் பழுதாகி வந்தா என்னட்டைத்தான் வருவான். உமக்கு உம்மடை கடதாசி கிடைச்சிருக்கும். இப்ப என்ன? உமக்கும் இல்லை. பன்னெண்டு வருசம் லேத்திலை நிண்டவன் மரை எண்ணாமல் வெட்டிப்போட்டான் எண்டு எனக்கும் பேர்."

"நான் உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை அண்ணை."

"சொல்லத் தேவையில்லை. படம் பிழையெண்டா வெட்டினவன் ஏன் பாக்கேல்லை எண்டு அவன் யோசிக்க மாட்டானோ? கிழவன் பைத்தியம்தான். மடையன் இல்லை."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். ஒருவருடைய உதவியைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்திருந்தேன். அதன் பிறகு நான் தடிப்பைச் சொன்னால் மரை எண்ணிக்கை திரும்பி வரவில்லை. "படத்திலை எழுதும், பாத்து வெட்டுறன்" என்பார். நான் எழுதினேன். அவர் எண்ணிப் பார்த்து வெட்டினார். வேலை முன்னையதைவிடச் சரியாக நடந்தது.

இயந்திரத்தின் மற்ற பாகங்களை வரைந்து முடித்தேன். கடிதங்களையும் முடித்தேன். வழக்கறிஞரின் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்த நாளில் பத்ரோன் அதை நின்றபடியே வாசித்தார். "என் தகப்பன் இதற்கும் பதில் எழுதவில்லை" என்றார். ஒரு வருடம் முடிந்த வாரத்தில், நான் கேட்காமலே, அவர் கடதாசியைத் தந்தார். பச்சை மையில், தன் கையெழுத்தில். தெசினாத்ரிஸ் என்ற சொல் இருந்தது. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "என்னிடம் ஒரு வருடம் தெசினாத்ரிஸ் ஆக வேலை செய்தார். முப்பத்தொரு படங்கள் வரைந்தார். அவற்றுள் ஒன்று பிழையானது. அதனால் ஈடுசெய்ய முடியாத ஒரு பாகம் சேதமடைந்தது. பிழையைக் கண்டுபிடித்தவரும் அறிவித்தவரும் திருத்தியவரும் அவரே."

அண்ணையிடம் காட்டினேன். காட்ட வேறு ஆள் இல்லை. கையைத் துடைத்துவிட்டு வாங்கி, மெதுவாக இரண்டு தரம் வாசித்தார்.

"இது வேலைக் கடதாசியோ, பாதிரியாரிட்டைச் சொல்லுற பாவசங்கீர்த்தனமோ?" என்றார். மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு, கொஞ்சம் வந்தது. "கிழவனிட்டைப் போய், முதல் ரெண்டு வரியும் போதும், மிச்சத்தை வெட்டிப்போட்டுத் தா எண்டு கேளும். தருவான்."

"கேட்க மாட்டன் அண்ணை."

"ஏன்?"

"எண்ணிக்கையெல்லாம் சரியாக் கிடக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கடதாசியைத் திருப்பித் தந்தார். சிரிப்பு அப்போதே போய்விட்டது. அடுத்த மாதம் லெ பிளாங்-மெனில் பக்கம் வேறொரு பட்டறைக்குப் போனார். வீட்டுக்குக் கிட்ட என்று சொன்னார். அது உண்மை, அவர் வீடு அங்கேதான்.

அவர் போன பிறகு நிலைமையை இப்படி எழுதி வைத்தேன். சிலிண்டர் ஆர்ஜொந்தெய்யில் ஓர் ஒட்டுவேலைக்காரரிடம் இருக்கிறது. வார்ப்பிரும்பைச் சூடாக்கி ஒட்டியிருக்கிறார், அது நிற்குமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கார் ஓடவில்லை. பத்ரோனின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. லேத்தில் இப்போது ஒருவரும் நிற்பதில்லை. நான் கண்ணாடிக் கூண்டில் சக்கரங்களை வரைந்துகொண்டிருக்கிறேன். பச்சை மைக் கடதாசியை, எழுதியபடியே, விண்ணப்பத்தோடு பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை.